பாலில் அஃப்லாடாக்சின் எம்1: எண் சரியாக வராதபோது எங்கே தேடுவது

பாலில் அஃப்லாடாக்சின் எம்1 அளக்கும் ஆய்வகங்களில் வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவியை இயக்கத் தெரியும், முறை எழுத்தில் கையில் இருக்கிறது, ஆனால் எண் மட்டும் ஒத்துவர மறுக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் இந்த நச்சு பாலுக்கு வரும் வழியைப் பார்த்துவிடுவோம். வழி தெரிந்தால்தான் ஓர் எண் நம்பக்கூடியதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் வளரும் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்லாடாக்சின் பி1 என்ற நச்சை உண்டாக்குகிறது. மாடு அதைத் தின்றால் அதன் ஈரல் பி1-ஐ எம்1 ஆக மாற்றுகிறது. தின்ற பி1-இல் பொதுவாக 1 முதல் 3 சதவீதம் எம்1 ஆகப் பாலில் இறங்கும். நிறையக் கறக்கும் மாடுகளில் 6 சதவீதம் வரைகூடப் போகும். ஒரு நாளுக்குள் பாலில் தெரியத் தொடங்கி, நல்ல தீவனத்துக்கு மாற்றினால் சில நாட்களில் இறங்கிவிடும். காய்ச்சினாலும் பாஸ்சரைஸ் செய்தாலும் போகாது.

கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் பி1 உள்ள தீவனத்தை ஒரு மாடு நாளைக்கு 5 கிலோ தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவது 100 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம் என்றால் 2 மைக்ரோகிராம். பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 0.05. உங்கள் கருவி 15 என்று சொன்னால் மாடு என்ன தின்றிருக்க வேண்டும் என்று இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பல நேரம் தசமப் புள்ளி இடம் மாறியது அங்கேயே தெரிந்துவிடும்.

2018-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 368 மாதிரிகளில் எம்1 வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551-இல் 88. மீறிய 368-இல் 227 பதப்படுத்திய பால், 141 கறந்தபடியே விற்கும் பால். ஆகவே இது நம் ஊரில் அபூர்வமாக வரும் சோதனை இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஏதோ ஒரு வீட்டின் பால் இருக்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் வலியுறுத்த நினைப்பது ஒன்றுதான். எண் அதிகமாக வந்தால் எல்லோரும் கேள்வி கேட்பார்கள், பால் நிறுவனம் மறுசோதனை கேட்கும், மேலதிகாரி குரோமட்டோகிராமை, அதாவது கருவி வரைந்த படத்தை, கேட்பார். எண் குறைவாக வந்தால் யாரும் கேட்பதில்லை, அறிக்கை கையெழுத்தாகிப் போய்விடும். இந்த முறையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எண்ணைக் குறைக்கும் கோளாறுகள். கருவிக்குப் போவதற்கு முன்பே, பாலைக் கையாளும் இடத்தில்தான் அவை நடக்கின்றன. அதனால் குறைந்த எண்ணைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

முறை இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பாலை 37 டிகிரிக்குச் சூடாக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே படியும் கொழுப்பை நீக்கி, வடிகட்டி, 50 மில்லியை, நச்சைப் பிடிக்கும் ஆன்டிபாடி நிரப்பிய இம்யூனோஅஃபினிட்டி குழல் வழியாக மெதுவாக இறக்குவது. தண்ணீரால் கழுவுவது. 4 மில்லி சுத்த அசிட்டோநைட்ரைலால் நச்சை இறக்குவது. நைட்ரஜனில் உலர்த்தி, 10 சதவீத அசிட்டோநைட்ரைல் உள்ள தண்ணீரில் கரைத்து, எச்பிஎல்சியில் (கரைசலில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) ஏற்றி, 365 நானோமீட்டரில் தூண்டி 435-இல் ஒளிர்வை அளப்பது. ஐஎஸ்ஓ 14501, ஏஓஏசி 2000.08 என்ற சர்வதேச நிலையான முறைகளும் இந்த வழியில் போகிறவைதான். எம்1 தானாகவே நன்றாக ஒளிரும். பி1, ஜி1-க்குத் தேவைப்படும் புரோமின், அயோடின் வேலை எதுவும் இதற்கு வேண்டாம்.

ஒவ்வொரு தொகுப்பிலும் எம்1 இல்லாத பிளாங்க் பால் ஒன்று, தெரிந்த அளவு எம்1 சேர்த்த ஸ்பைக் ஒன்று, முடிந்தால் சான்றளித்த பால்பவுடர் ஒன்று கட்டாயம் ஓட வேண்டும். இவை இல்லாவிட்டால் கீழே சொல்லும் எதையும் கண்டுபிடிக்க வழியில்லை.

ஸ்பைக்கிலும் பீக் வரவில்லை, ஸ்டாண்டர்டிலும் வரவில்லை

பீக் என்பது கருவியின் படத்தில் எம்1 வரும் இடத்தில் எழும் கூம்பு; ஸ்டாண்டர்ட் என்பது பாலில்லாத, செறிவு தெரிந்த எம்1 கரைசல். இரண்டிலும் பீக் இல்லையென்றால் பாலை மறந்துவிடுங்கள், கோளாறு கருவியில்தான். அலைநீளம் 365, 435 என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேறு சோதனைக்காக யாராவது மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அப்புறம் டிடெக்டரின் விளக்கு. செனான் விளக்கு வயதானால் திடீரென்று அணைவதில்லை, மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே வரும். சுத்தமான தண்ணீரை ஓடவிட்டு 350-இல் தூண்டி 397 அருகே வரும் ராமன் சிக்னலை (தண்ணீரே சிதறடிக்கும் ஒளி) அளந்து எழுதி வைத்தால் விளக்கின் வயது கண்ணுக்குத் தெரியும். இதை வழக்கமாகவே செய்து வருவது நல்லது. கரைப்பானில் காற்று தங்கினாலும் ஒளிர்வு குறையும், ஏனென்றால் ஆக்சிஜன் ஒளிர்வை அணைக்கும். காற்றை நீக்கும் டீகேஸர் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டாண்டர்ட் நன்றாக வருகிறது, ஸ்பைக்கில் ரெக்கவரி 40, 50 சதவீதம்தான்

ரெக்கவரி என்பது சேர்த்த எம்1-இல் அளவில் திரும்பி வரும் பங்கு. அதிகம் வரும் தொல்லை இது. அதிகம் பேர் தவறான இடத்தில் தேடுவதும் இதில்தான். கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராமுக்கு மேல் ஸ்பைக் செய்தால் 70 முதல் 110 சதவீதம் திரும்பி வர வேண்டும். அதற்குக் கீழே போனால் குழலைக் குறை சொல்லிப் புதுப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் இழப்பு எந்தப் படியில் என்று பிரித்துப் பாருங்கள்.

பிரிக்கும் வழி எளிது. ஒரே அளவு எம்1-ஐ நான்கு வெவ்வேறு இடங்களில் சேர்க்க வேண்டும். முதல் குப்பியில், உலர்த்திக் கரைத்த பிறகு, கடைசிக் கரைசலில் சேர்க்கவும். இரண்டாவதில், உலர்த்துவதற்கு முன் 4 மில்லி அசிட்டோநைட்ரைலில். மூன்றாவதில், பாலே இல்லாமல் 50 மில்லி தண்ணீரில் சேர்த்துக் குழலில் இறக்கவும். நான்காவதில், வழக்கம்போல் பாலில் சேர்த்து முழு முறையையும் செய்யவும். எண் எந்தக் குப்பியில் விழத் தொடங்குகிறதோ, கோளாறு அந்தப் படியில் இருக்கிறது. ஒரு நாள் வேலைதான், ஆனால் வாரக்கணக்கான ஊகத்தை மிச்சப்படுத்தும்.

முதல் குப்பியே குறைந்தால், நச்சு கண்ணாடியில் ஒட்டுகிறது அல்லது வெளிச்சத்தில் சிதைகிறது. தண்ணீர் அதிகம் உள்ள கரைசலில் அஃப்லாடாக்சின் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புதுக் கண்ணாடிக் குப்பிகளில் இது மோசம். நீர்த்த சல்ஃபியூரிக் அமிலத்தில் ஊறவைத்து, அமிலம் முழுக்கப் போகும்வரை தண்ணீரில் அலசிய பாத்திரங்களைப் பயன்படுத்துங்கள். பழுப்புக் குப்பிகள்தான் வேண்டும். ஜன்னலோரம் வைத்த ரேக்கில் நாள் முழுக்க நின்ற குப்பியின் எண்ணை நம்ப வேண்டாம்.

இரண்டாவது குப்பி குறைந்தால், உலர்த்தும் படியைப் பாருங்கள். நைட்ரஜன் வேகம் அதிகமானால் திரவம் சுவரில் தெறித்து மேலே காய்ந்துவிடும். பிறகு ஊற்றும் கரைப்பான் அடியை மட்டும் நனைக்கும், மேலே ஒட்டியது அங்கேயே நிற்கும். மென்சூட்டில், 40 டிகிரியைத் தாண்டாமல், மெதுவாக உலர்த்துங்கள். காய்ந்த பிறகும் நைட்ரஜனை ஓடவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போகக் கூடாது. கரைக்கும்போது முதலில் அசிட்டோநைட்ரைல் பங்கை ஊற்றிச் சுவர் முழுக்கச் சுழற்றி, அப்புறம் தண்ணீர்ப் பங்கைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவது குப்பி குறைந்தால் குழல்தான். அங்கேயும் உடனே தரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். குழலுக்குள் இருப்பது ஆன்டிபாடி, அதாவது புரதம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தாமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். ஃப்ரீசரில் உறைந்துபோன குழலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே உள்ள ஜெல் வறண்டிருந்தாலும் அப்படித்தான். இறக்கும்போது அசிட்டோநைட்ரைலை ஒரே வீச்சில் தள்ளிவிடுவது மிகப் பரவலான பிழை. ஆன்டிபாடி தன் பிடியை விட நேரம் வேண்டும். ஒரு நிமிடமாவது அசிட்டோநைட்ரைல் ஜெல்லோடு தங்கியிருக்க வேண்டும். சிரிஞ்ச் பிஸ்டனை இரண்டு மூன்று முறை பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளுவதும் உதவும். கழுவிய தண்ணீர் குழலிலேயே தேங்கியிருந்தால் அசிட்டோநைட்ரைல் நீர்த்துப்போய், நச்சு பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே கழுவியதும் காற்றைத் தள்ளித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

நான்காவது மட்டும் குறைந்தால் பாலில்தான் விஷயம். இது தனியாகப் பேச வேண்டியது.

தண்ணீரில் ரெக்கவரி நன்றாக இருக்கிறது, பாலில் மட்டும் குறைகிறது

எம்1 பாலின் கேசீன் புரதத்தோடு ஒட்டும் குணம் கொண்டது. பனீர், சீஸ் போன்றவற்றில் அது பாலில் இருந்ததைவிடச் செறிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இதிலிருந்து ஆய்வகத்துக்கு ஒரு நேரடிப் பாடம் கிடைக்கிறது: புளித்த பாலை இந்த முறையில் சோதிக்கக் கூடாது. பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் திரிந்து கீழே போகும், அதோடு எம்1-உம் போகும். நீங்கள் வடிகட்டி எடுக்கும் தெளிநீரில் கொஞ்சம்தான் மிஞ்சும். சென்ட்ரிஃப்யூஜ் குழாயின் அடியில் வெள்ளைப் படிவு தடிமனாக இருந்தால் அந்த மாதிரியின் எண்ணை எழுதாதீர்கள், பிஎச்-ஐ அளந்து பாருங்கள். கோடையில், கிராமச் சேகரிப்பு மையத்திலிருந்து ஐஸ் இல்லாமல் வரும் மாதிரிகளில் இது சாதாரணம். அப்படி வந்த மாதிரியைத் திருப்பி அனுப்பி வேறு மாதிரி கேட்பதுதான் நேர்மையான வழி. தயிர், பனீருக்கு வேறு பிரித்தெடுப்பு முறை வேண்டும்.

அடுத்து ஃபார்மலின். உணவுச் சட்டத்தின் கீழ் எடுக்கும் பால் மாதிரிகளில் கெடாமல் இருக்க ஃபார்மலின் சேர்க்கும் பழக்கம் இங்கே நெடுநாளாக உண்டு. கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பில்லாத திடப்பொருள்) பார்க்க அது பரவாயில்லை. ஆனால் ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும். பால் புரதத்தையும் பிணைக்கும், குழலின் ஆன்டிபாடியும் புரதம்தான். எம்1 சோதனைக்கு ஃபார்மலின் சேர்க்காத தனி மாதிரியைக் குளிரில் அனுப்பச் சொல்லுங்கள். மாதிரி எடுப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். மாதிரி வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

உறைந்த பாலை முழுக்க உருகவிட்டு, 37 டிகிரியில் நன்றாகக் கலக்கிய பிறகே அளந்து எடுங்கள். பாதி உருகிய பாலின் மேல்பகுதியை மட்டும் ஊற்றினால், அது அந்தப் பாலின் மாதிரியே இல்லை. கொழுப்பை நீக்குவதில் கவலை வேண்டாம், எம்1 பெரும்பாலும் கொழுப்பு நீங்கிய பகுதியில்தான் தங்கும். கொழுப்பை நீக்காமல் விடுவதுதான் ஆபத்து. எருமைப்பாலில் இரண்டாவது முறை சுற்ற வேண்டி வரலாம்.

கடைசியாக, வேகம். பால் குழலில் நிமிடத்துக்கு 2 முதல் 3 மில்லி அளவில்தான் இறங்க வேண்டும். மாலைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வெற்றிட பம்ப்பை ஏற்றினால், எம்1 ஆன்டிபாடியைச் சந்திக்காமலேயே கழிவுக் குடுவைக்குப் போய்விடும். சந்தேகம் வந்தால் வெளியேறிய பாலைச் சேமித்து, புதுக் குழல் ஒன்றில் மறுபடி இறக்கிப் பாருங்கள். அதில் பீக் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

ஸ்பைக் நன்றாக இருக்கிறது, ஆனால் மோசமான மாதிரிகள் எல்லாம் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன

ஆபத்தான அறிகுறி இது. கவனிக்காமல் விட்டால் மிகவும் கெட்ட பால் ஓரளவு கெட்ட பாலாக அறிக்கையில் போய்விடும்.

ஒவ்வொரு குழலும் பிடிக்கக்கூடிய எம்1-க்கு உச்சம் உண்டு. பல குழல்களில் அது 100 நானோகிராம் அளவில் இருக்கும். உங்கள் பெட்டியின் தாளில் பாருங்கள். லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் உள்ள பாலில் 50 மில்லி இறக்கினால் 25 நானோகிராம், பிரச்சினை இல்லை. லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்றால் 100 நானோகிராம், விளிம்பு. அதற்கு மேலே போனால் மிச்சம் எல்லாம் வழிந்து ஓடிவிடும். 2 இருந்தாலும் 4 இருந்தாலும் எண் 2-ஐ ஒட்டியே வரும். வரம்புக்கு மேல் வந்த எந்த மாதிரியையும் 10 மில்லி மட்டும் எடுத்துத் தண்ணீரில் நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். கணக்கிட்ட எண் ஏறினால் முதல் ஓட்டத்தில் குழல் நிரம்பிவிட்டது என்று பொருள். ஸ்டாண்டர்ட் வரைகோட்டின் கடைசிப் புள்ளிக்கு மேலே போன பீக்குக்கும் இதே மருந்துதான். கோட்டை நீட்டிப் படிக்கக் கூடாது.

ரெக்கவரி 120, 130 என்று மேலே போகிறது

நல்ல செய்தி என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டாண்டர்ட் சிதைந்திருந்தால், அதன் பீக் சுருங்கி, மாதிரிகள் எல்லாம் பெரிதாகத் தெரியும். வேலை ஸ்டாண்டர்டைத் தண்ணீர் கலந்த கரைப்பானில் மாதக்கணக்கில் வைத்திருக்கிறீர்களா? மூலக் கரைசலை அசிட்டோநைட்ரைலில், பழுப்புக் குப்பியில், இருட்டில், உறைநிலைக்குக் கீழே வைத்து, அதன் செறிவை யூவி உறிஞ்சல் மூலம் அவ்வப்போது சரிபாருங்கள். வேலை ஸ்டாண்டர்டை அன்றன்றே தயாரிப்பது நல்லது.

அடுத்தது, பிளாங்க் பாலிலேயே எம்1 இருந்திருக்கும். கடையில் வாங்கிய பால் பாக்கெட் பிளாங்க் ஆகிவிடாது. மேய்ச்சலில் வளரும், புண்ணாக்கு தராத மாட்டின் பாலைத் தேடி, சோதித்து, சிறு பங்குகளாக உறையவைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பால் கிடைத்தால் அது பொக்கிஷம்.

கரைப்பானை மட்டும் ஏற்றினாலும் பீக் வருகிறது

முந்தைய பெரிய மாதிரியின் எச்சம். ஊசியைக் கழுவும் கரைசலில் அசிட்டோநைட்ரைலைக் கூட்டுங்கள். உயர் ஸ்டாண்டர்டுக்குப் பின் ஒரு வெற்று ஓட்டம் வையுங்கள். கரைப்பான் சுத்தமாக இருந்து, முறை முழுக்கச் செய்த தண்ணீர்ப் பிளாங்கில் மட்டும் பீக் வந்தால், பாத்திரங்கள்தான். எம்1 பட்ட கண்ணாடியைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்துச் சிதைக்க வேண்டும். அதன் பிறகு தண்ணீரில் தாராளமாக அலசிய பின்னரே அமிலத் தொட்டிக்கு அனுப்புங்கள். ஹைப்போகுளோரைட் மிச்சத்தோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அஃப்லாடாக்சின்கள் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி முதல் வகையில் வைத்திருக்கிறது. காய்ந்த ஸ்டாண்டர்ட் தூளைக் கையுறையில்லாமல், புகைப்பெட்டிக்கு வெளியே திறக்கவே கூடாது.

பீக் நேரம் தள்ளிக்கொண்டே போகிறது

காலையில் கலந்த 25 சதவீத அசிட்டோநைட்ரைல், மூடி சரியாக இல்லாத பாட்டிலில் மாலைக்குள் கொஞ்சம் ஆவியாகிவிடும். அசிட்டோநைட்ரைல் குறைந்தால் எம்1 தாமதமாக வரும். அறையின் ஏசி இரவில் நிற்கிறது என்றால் நேரம் இன்னும் அலையும். பிரிப்புக் குழலை அடுப்பில் ஒரே வெப்பத்தில் வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். நேரம் அலையும் நாளில் எந்தப் பீக் எம்1 என்பதை மென்பொருளின் முடிவுக்கு விடாமல், அருகில் ஓடிய ஸ்டாண்டர்டை வைத்து நீங்களே பாருங்கள்.

பீக் இரண்டாகப் பிளக்கிறது, அல்லது முன்னால் சாய்கிறது

உலர்ந்த எச்சத்தைச் சுத்த அசிட்டோநைட்ரைலில் கரைத்து ஏற்றியிருப்பீர்கள். ஓடும் கரைசலைவிட வலுவான கரைப்பானில் ஏற்றினால் நச்சு பிரிப்புக் குழலின் வாயில் ஒன்றுசேராமல் பரவிவிடும். 10 சதவீதக் கரைசலுக்கு மாறுங்கள். ஏற்றும் அளவையும் கூட்டிக்கொள்ளலாம், குறைந்த அளவைக் காண அது உதவும்.

எலைசா 0.7 என்கிறது, எச்பிஎல்சி 0.35 என்கிறது

உடனே எலைசாவை (ஆன்டிபாடியும் நிறமாற்றமும் கொண்டு அளக்கும் கிட்) பொய் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மேலே சொன்ன ரெக்கவரிச் சோதனையை முதலில் முடியுங்கள். எச்பிஎல்சி பாதியைத் தொலைத்திருந்தாலும் இதே இரண்டு எண்கள்தான் வரும்.

எச்பிஎல்சி சரி என்று உறுதியான பிறகு எலைசா பக்கம் வாருங்கள். போட்டி முறையில் வேலை செய்யும் தட்டு இது, நச்சு அதிகமானால் நிறம் குறையும். நிறத்தைக் குறைக்கும் எந்தக் கோளாறும் நச்சு அதிகம் என்று காட்டும். கொழுப்பு மிச்சம் இருப்பது, தட்டை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் தொடங்குவது, காலாவதியான என்சைம், எல்லாம் ஒரே திசையில் இழுக்கும். பூஜ்ய ஸ்டாண்டர்டின் நிறம் கிட் தாளில் சொன்ன அளவுக்குக் கீழே இருந்தால் அந்தத் தட்டையே ரத்து செய்யுங்கள். ஓரக் குழிகள் மட்டும் மாறுபட்டால் வெப்பம் சீராக இல்லை. நிறம் தரும் டிஎம்பி கரைசல் ஊற்றும் முன்பே நீலம் தட்டியிருந்தால் அது கெட்டுவிட்டது.

பாலை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு நீர்த்து ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. உண்மையான எம்1 என்றால் நீர்ப்பைக் கணக்கிட்ட பின் எண் ஒன்றாகவே நிற்கும். பாலின் வேறு பொருட்கள் தலையிட்டால் நீர்க்க நீர்க்க எண் இறங்கும். எப்படியிருந்தாலும் எலைசா சல்லடைதான். வரம்பு மீறல் என்று அறிக்கை தருவதற்கு முன் வேறு கொள்கையில் வேலை செய்யும் முறையால் உறுதி செய்ய வேண்டும்.

அந்தப் பீக் எம்1-தானா என்ற சந்தேகம்

ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலத்தோடு வினைப்படுத்தினால் எம்1, எம்2ஏ என்ற பொருளாக மாறும். அது தண்ணீரை அதிகம் விரும்புவதால் முன்னதாகவே வெளியே வரும். பழைய இடத்தில் பீக் மறைந்து, முன்னால் புதிய பீக் வந்தால் அது எம்1. ஸ்டாண்டர்டையும் பக்கத்தில் அதே மாதிரி வினைப்படுத்தி ஓட்டுங்கள்.

மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் இருந்தால் 329-இலிருந்து 273, 329-இலிருந்து 259 என்ற இரண்டு மாற்றங்களும் ஸ்டாண்டர்டின் விகிதத்திலேயே வர வேண்டும். 329 சிறுத்து 351 பெருத்தால் சோடியம் ஒட்டிக்கொள்கிறது, கரைப்பானில் ஃபார்மிக் அமிலமோ அம்மோனியம் ஃபார்மேட்டோ சேருங்கள். பாலில் வரும் பொருட்கள் அயனியாவதை அமுக்கும். அதை ஈடுகட்ட கார்பன்-13 ஏற்றிய எம்1-ஐப் பாலில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவதுதான் சிறந்த வழி. அது 346-இலிருந்து 288-ஆக வரும். விலை அதிகம்தான், ஆனால் வழியில் தொலையும் ஒவ்வொரு பங்கையும் அது கணக்கில் கொண்டுவந்துவிடுகிறது.

பால்பவுடரில் எண் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

பெரும்பாலும் கணக்குப் பிழை. 10 கிராம் பவுடரை 100 மில்லியாக்கி அதில் 50 மில்லி இறக்கினால், குழலில் போனது 5 கிராம் பவுடர்தான். பழக்கதோஷத்தில் 50-ஆல் வகுத்தால் எண் பத்தில் ஒன்றாகிவிடும். பவுடரை 50 டிகிரித் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். கட்டி தட்டியிருந்தால் வடிதாளில் கட்டியோடு எம்1-உம் தங்கும்.

எண் 0.46, 0.52 என்று வரம்பைச் சுற்றியே வருகிறது

முதலில் அலகு. லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என்பது கிலோவுக்கு 0.485, ஏனென்றால் ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. வரம்பு கிலோவில் இருக்கிறது, நீங்கள் மில்லியில் அளந்திருக்கிறீர்கள். மாற்றிவிட்டுப் பேசுங்கள்.

பிறகு ரெக்கவரி. எண்ணை அதற்கேற்பத் திருத்தியதா, திருத்தாததா என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். ரெக்கவரி 75 சதவீதமாக இருந்த நாளில் திருத்தாமல் வந்த 0.40, திருத்தினால் 0.53. சட்டப்படி ஒன்று தேறிய பால், இன்னொன்று தேறாத பால். அளவீட்டின் நிச்சயமின்மையையும் எண்ணோடு சேர்த்துக் கொடுங்கள். மாதிரியின் இன்னொரு பங்கை, வேறு நாளில், முடிந்தால் வேறு ஆளைக்கொண்டு, 37 டிகிரியில் கலக்கும் படியிலிருந்து தொடங்கிச் செய்யுங்கள். ஏற்கெனவே தயாரித்த அதே குப்பியை மூன்று முறை கருவியில் ஏற்றிச் சராசரி எடுப்பது மறுசோதனை ஆகாது. அது கருவியின் திரும்பத்திறனை மட்டுமே காட்டும், பாலில் தொடங்கிய பிழை மூன்று முறையும் அப்படியே உள்ளே இருக்கும். அறிக்கை போய் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மூன்றாவது பங்கு ஒன்றை உறைநிலையில், பெயரும் தேதியும் எழுதி, வைத்திருங்கள்.